அம்மா முகமும் தெரியணும், கோபுரமும் தெரியணும்!

சென்னை போரூரிலிருந்து கெருகம்பாக்கம், கோவூர் என்று கோயில் உள்ள ஊர்களாகவே தாண்டிப் போனால் குன்றத்தூர் வந்துவிடும். பல்லாவரத்திலிருந்து நேராக வரலாம். பூந்தமல்லியிலிருந்து மாங்காடு வழியாகவும் வரலாம். வார நாட்களில் இந்த ஊரின் விடியற்காலை கம்பெனி பஸ்களுக்குச் சொந்தம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை என்று வரிசையாக பஸ் ஏறும் இளைஞர்கள், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று பிரிந்து போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்சி மாறிவிடும். அதே இளைஞர்கள் வேட்டி சட்டையில், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் நிற்பார்கள்.

மலை என்றால் மூச்சு வாங்க வைக்கிற மலை இல்லை. 84 படிகள்தான். முடியாதவர்களுக்கு வண்டியிலேயே மேலே போகச் சாலையும் இருக்கிறது. உச்சியில் சுப்பிரமணிய சுவாமி, வடக்கு பார்த்து நிற்கிறார். திருப்போரூரில் போரை முடித்துவிட்டுத் திருத்தணிக்குப் போகிற வழியில் முருகன் இங்கே தங்கினார் என்பது தலபுராணம். அவர் பூஜித்த சிவன், அடிவாரத்தில் கந்தழீஸ்வரராக இருக்கிறார். தணிகையைப் பார்த்து நிற்பதால் இந்தக் குன்றுக்குத் 'தென்தணிகை' என்றும் பெயர்.

இந்தச் சந்நிதியில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பக்கமாக நின்று பார்த்தால் முருகன் வள்ளியோடு தெரிவார். மறுபக்கம் போய் நின்றால் தெய்வானையோடு தெரிவார். இரண்டு தேவியரையும் ஒரே இடத்தில் நின்று ஒன்றாகப் பார்க்க முடியாது. வருகிறவர்கள் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் மறைகிற இந்தச் சங்கதி, கோயிலுக்கு வெளியே வந்து கேமராவைக் கையில் எடுத்ததும் வேறொரு விதத்தில் திரும்ப வரும்.

நிழலில் அம்மா, வெயிலில் கோபுரம்

ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். குன்றத்தூரில் நண்பர்களோடு வாடகை ரூம். ஓவர்டைம் பணத்தில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று இருக்கிறது. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் இப்படிப்பட்ட மகன்களும் அம்மாக்களும் எத்தனையோ பேர்.

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் அம்மா ஒரு நிழலான இடத்தில் உட்காருகிறார். கால் வலி. நெற்றியில் புதுசாக விபூதி, அதன் நடுவே குங்குமம். பின்னால் பத்து மணி வெயிலில் கோபுரம் பளபளக்கிறது.

"கோபுரம் தெரியற மாதிரி ஒண்ணு எடுடா. ஆனா என் மூஞ்சி தெரியணும்" என்கிறார்.

மகன் எடுக்கிறார். கோபுரத்தின் பொம்மைகள் ஒவ்வொன்றும் அழகாக விழுந்திருக்கின்றன. அம்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு உருவம். வெளிச்சத்தைக் கூட்டி இன்னொன்று எடுக்கிறார். இப்போது அம்மா முகம் நன்றாக வந்துவிட்டது. கோபுரம் வெள்ளைக் காகிதம் போல வெளுத்துப்போய்விட்டது.

இது அவர் கையின் குற்றமும் இல்லை, கேமராவின் குற்றமும் இல்லை. நேர் வெயிலில் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ் இருக்கும். கல் மண்டபத்து நிழலுக்குள் போனால் அது சில நூறாகக் குறைந்துவிடும். நம் கண் இரண்டையும் சமாளித்துவிடுகிறது. கோபுரத்தைப் பார்க்கும்போது பாவை சுருங்கும். அம்மா பக்கம் திரும்பினால் விரியும். இரண்டையும் மூளை சேர்த்து ஒரே காட்சியாகத் தந்துவிடும். கேமராவுக்கு ஒரு கிளிக்கில் ஒரு அளவுதான். அதைக் கோபுரத்துக்கு வைத்தால் அம்மா இருட்டு. அம்மாவுக்கு வைத்தால் கோபுரம் வெளுப்பு.

இதற்கு வந்த வைத்தியத்தின் பெயர்தான் ஹெச்.டி.ஆர். விரித்துச் சொன்னால் ஹை டைனமிக் ரேஞ்ச். ஒரே காட்சியைக் குறைந்த வெளிச்சத்தில் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, அதிக வெளிச்சத்தில் ஒன்று என்று எடுத்து, மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பது. வள்ளி பக்கம் ஒரு தடவை, தெய்வானை பக்கம் ஒரு தடவை நின்று கும்பிடுவது போலத்தான்.

160 வருஷத்துக்கு முன்பே...

இது கம்ப்யூட்டர் காலத்து யோசனை என்று நினைத்தால் தவறு. 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் கடல் அலைகளைப் படம் பிடித்தார். கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப்போனது. அதனால் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

அதே காலத்தில் நம் ஊரிலும் ஒருவர் இந்தச் சங்கடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அன்றைய காகித நெகடிவ்களில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவ் மேலேயே தூரிகையால் சாயம் பூசி மேகங்களை வரைந்து சேர்த்தார்!

கம்ப்யூட்டரில் இதைக் கணக்காகச் செய்யும் வழியைப் பால் டெபெவெக்கும், ஜிதேந்திர மாலிக்கும் 1997-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் சொன்னார்கள். 2003-இல் போட்டோமேட்டிக்ஸ், 2005-இல் போட்டோஷாப், 2015-இல் லைட்ரூம் என்று இது புகைப்படக்காரர்களின் மேஜைக்கு வந்தது. காசில்லாமல் கிடைக்கும் லூமினன்ஸ் ஹெச்.டி.ஆர். என்ற மென்பொருளும் இருக்கிறது. 2010-இல் ஐபோன் 4-இல் இந்த வசதி வந்தபிறகு வேலை இன்னும் சுலபமானது. இன்று பெரும்பாலான கைபேசிகள் கேட்காமலேயே பல படங்களை எடுத்துச் சேர்த்துத் தந்துவிடுகின்றன. இந்தக் குன்றிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஸ்ரீபெரும்புதூரில், 2019-இல் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரானது. கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களின் கைகளைத் தாண்டித்தான் அப்படிப்பட்ட கேமராக்கள் கடைக்குப் போகின்றன.

மூன்று கிளிக், ஒரே அசைவு கூடாது

மகனிடம் இருப்பது கேமரா என்பதால் அவரே மூன்று படங்களை எடுக்கிறார். கேமரா மெனுவில் 'பிராக்கெட்டிங்' என்று ஒரு வசதி இருக்கும். அதில் மைனஸ் 2, பூஜ்யம், பிளஸ் 2 என்று வைத்தால் போதும். மைனஸ் 2 என்றால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. பிளஸ் 2 என்றால் நான்கு மடங்கு. முதலாவதில் கோபுரம் காப்பாற்றப்படும். கடைசியில் நிழலுக்குள் இருப்பதெல்லாம் தெரியும்.

கேமராவை ஸ்டாண்டில் வைப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளலாம். லென்ஸின் அபெர்ச்சரை மூன்று படங்களுக்கும் ஒன்றாக வைத்து, ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். அபெர்ச்சர் மாறினால் பின்னணியின் தெளிவும் மாறிவிடும்; படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐ.எஸ்.ஓ. எண் குறைவாக இருக்கட்டும். படம் ஜேபெக் ஆக இல்லாமல் ரா ஃபைலாக இருந்தால் பிறகு திருத்த இடம் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்று கோயிலில் கேட்டுக்கொண்டு எடுப்பதே முறை. சந்நிதி கண்ணுக்கு மட்டும்தான். படிகள், குன்றின் ஓரம், மரத்தடி, கோபுரத்தின் வெளித்தோற்றம் என்று படம் எடுக்க வெளியில் இடம் நிறைய இருக்கிறது.

"அம்மா, அசையாம உட்காரு. மூணு தடவை சத்தம் வரும்."

"எதுக்குடா மூணு? ஃபிலிம் வீணாப் போவுது."

மகன் சிரிக்கிறார். மூன்று கிளிக்கும் முடிகின்றன.

"என்னாடா இது, என் மூஞ்சியா?"

இரவு ரூமில் நண்பனின் லேப்டாப். மூன்று படங்களையும் மென்பொருளில் ஏற்றியதும் ஒன்றாகச் சேர்ந்து விடுகின்றன. பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மாதிரிப் படங்கள். இவைதான் ப்ரீசெட். யாரோ முன்கூட்டியே எல்லா அளவுகளையும் திருகி வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இயல்பானது, ஓவியம் போன்றது, கறுப்பு வெள்ளை, முரட்டுத்தனமானது என்று பல வகை. ஒன்றைத் தொட்டால் படம் முழுவதும் ஒரு நொடியில் மாறிவிடும்.

மகன் இருப்பதிலேயே பளிச்சென்று இருந்த ஒன்றைத் தொடுகிறார். வானம் மயில் கழுத்து நிறத்துக்குப் போகிறது. கல் ஒவ்வொன்றிலும் உளி பட்ட தடம் தெரிகிறது. கோபுரத்துப் பொம்மைகள் சினிமா செட் போல ஜொலிக்கின்றன. ரூம் நண்பர்கள் "செம மச்சி" என்கிறார்கள். மகன் பெருமையோடு லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்புகிறார்.

அம்மா கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

"என்னாடா இது, என் மூஞ்சியா? கருங்கல்லுல கொத்தன மாதிரி இருக்குது. நெத்தில துன்னூறு எங்க?"

விபூதி வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தது. கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் கோடு கிழித்தது போல இருந்தது. மகன் அவசரமாக வேறொரு ப்ரீசெட்டைத் தொடுகிறார். இது முகத்தை வழவழப்பாக்கி, நிறத்தை இரண்டு மடங்கு வெளுப்பாக்குகிறது.

"இது இன்னும் மோசம்டா. உங்க அப்பா போட்டோ மாதிரியே ஆயிடும் போல."

அப்பா போட்டோ என்றால் ரூமில் எல்லோருக்கும் புரிய வேண்டியதில்லை; மகனுக்குப் புரிகிறது. அப்பா போனபோது வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையிலிருந்த படத்தை ஸ்டூடியோவில் பெரிதாக்கச் சொன்னார்கள். ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடைய கோட்டையோ ஒட்டி, பின்னால் ஒரு நீலத் திரையும் போட்டுக் கொடுத்தார். வாழ்நாளில் கோட் போடாத மனிதர் கூடத்துச் சுவரில் கோட்டோடு மாலை சூடி இருக்கிறார்.

"நாளைக்கு எனக்கும் மாலை போட ஒரு படம் வேணும்ல. அது நானா இருக்கட்டும்" என்கிறார் அம்மா. வருத்தமாக இல்லை, அரிசி வாங்க வேண்டும் என்பது போலச் சாதாரணமாக.

"சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டு, மகன் திரும்ப லேப்டாப் முன்னால் உட்காருகிறார்.

ப்ரீசெட் ஏன் காலை வாருகிறது?

ப்ரீசெட் தப்பான பொருள் இல்லை. ஆனால் அது வேறு யாரோ, வேறு ஒரு வெளிச்சத்தில், வேறு ஒரு படத்துக்காக வைத்த அளவு. டெய்லர் கடையில் தொங்கும் தைத்த சட்டை மாதிரி. சிலருக்கு அப்படியே பொருந்தும். பலருக்குத் தோள் இறங்கும், கை நீளும். மேகம் மூடிய ஊரில், மங்கலான கட்டடத்துக்கு வைத்த அளவு, நம் ஊர் பத்து மணி வெயிலுக்கும் பஞ்சவர்ணம் பூசிய கோபுரத்துக்கும் சரியாக வராது. கோபுரத்தில் ஏற்கெனவே வண்ணம் அதிகம். அதன்மேல் இன்னும் வண்ணம் ஏற்றினால் பிளாஸ்டிக் பொம்மைக் கொலு மாதிரிதான் ஆகும்.

ஆகவே பளிச்சென்ற ப்ரீசெட்டை விட்டுவிட்டு, இருப்பதிலேயே சாதுவான, 'இயல்பானது' என்று பெயர் வைத்த ஒன்றில் தொடங்குவது நல்லது. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்லைடராக நகர்த்த வேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

முதலில் வலிமை, அதாவது ஸ்ட்ரெங்த். ஹெச்.டி.ஆர். விளைவு எவ்வளவு என்பதை இது தீர்மானிக்கிறது. முழுக்க ஏற்றினால் நிழலே இல்லாமல் போகும். நிழல் இல்லாவிட்டால் வெயிலும் இல்லை. படியேறி வந்து நிழலில் உட்கார்ந்த அம்மா, நிழலில் உட்கார்ந்த மாதிரியே தெரிய வேண்டும். பாதிக்கும் கீழே இறக்கிவிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது டீடெய்ல் கான்ட்ராஸ்ட். கல்லின் சொரசொரப்பையும் பொம்மைகளின் நுணுக்கத்தையும் எடுத்துக் காட்டுவது இதுதான். கோபுரத்துக்கு நல்லது, முகத்துக்கு எதிரி. கருங்கல்லுக்கும் கன்னத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் ஒரே மாதிரி கொத்திவிடும்.

மூன்றாவது வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி. எதற்கு மேல் தூய வெள்ளை, எதற்குக் கீழ் முழுக் கறுப்பு என்பதை இவை நிர்ணயிக்கின்றன. அம்மாவின் விபூதி காணாமல் போனதற்குக் காரணம் வெள்ளைப் புள்ளி அதிகமாக இருந்ததுதான். அதைக் கொஞ்சம் இறக்கியதும் நெற்றியில் மூன்று பட்டைகளும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கறுப்புப் புள்ளியை அதிகம் ஏற்றினால் கொண்டை நிழலோடு கலந்துவிடும். நரைத்த முடி இழை இழையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது மென்மையாக்கும் ஸ்லைடர். ஹெச்.டி.ஆர். படங்களில் கோபுரத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் தெரிவதைப் பார்த்திருக்கலாம். அது தெய்விகம் இல்லை, மென்பொருளின் கோளாறு. இருட்டான பகுதியும் வெளிச்சமான வானமும் சந்திக்கும் இடத்தில், பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மென்பொருள் அளவைக் கூட்டிக் குறைப்பதால் வருகிறது. ஸ்மூத்திங் என்ற ஸ்லைடரைக் கூட்டினால் வட்டம் மறையும்.

கடைசியாக வண்ணம். இதில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. அன்று அம்மா கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று அம்மாவிடமே கேட்டுவிடலாம். 'அரக்கு' என்று அவர் சொன்னால் திரையில் இருப்பது அரக்காக இருக்க வேண்டும். ரத்தச் சிவப்பாக இருந்தால் சாச்சுரேஷன் அதிகம். மாநிறமான முகம் ஆரஞ்சுக்குப் போனாலும் அதே காரணம்தான்.

கோபுரத்துக்கு மூன்று, அம்மாவுக்கு ஒன்று

இவ்வளவு செய்தும் ஒரு கோணல் மிச்சம் இருந்தது. அம்மா அசையாமல்தான் உட்கார்ந்தார். ஆனால் முந்தானை காற்றில் ஆடியது. படியில் ஓடிய ஒரு குழந்தை மூன்று படங்களில் மூன்று இடங்களில் இருந்தது. சேர்த்த படத்தில் குழந்தை புகை போல இரண்டு மூன்றாகத் தெரிந்தது. இதற்கு 'பேய்' என்றே பெயர். கோஸ்ட் ரிமூவல் அல்லது டீகோஸ்ட் என்று எல்லா ஹெச்.டி.ஆர். மென்பொருளிலும் ஒரு வசதி இருக்கும். லைட்ரூமில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலைகள். அசையும் பகுதிக்கு மட்டும் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அது ஒதுக்கிவிடும். கொடி, மரக்கிளை, மணி அடிக்கும் கை எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து.

இங்கேதான் மகனுக்கு ஒரு யோசனை கிடைக்கிறது. குழந்தைக்கு ஒரே படம் போதும் என்றால் அம்மாவுக்கும் ஒரே படம் போதாதா? மூன்றாவது படத்தில், வெளிச்சம் கூட்டி எடுத்ததில், அம்மாவின் முகம் ஏற்கெனவே நன்றாக இருந்தது. யாரும் எதையும் திருகாத முகம். சேர்த்த படத்தை அடியில் வைத்து, இந்த ஒற்றைப் படத்தை மேலே வைத்து, பிரஷ் கருவியால் அம்மா இருக்கும் இடத்தை மட்டும் மேல் படத்திலிருந்து தெரிய விடுகிறார். வெளிச்சத்தை ஒரு இழை குறைக்கிறார். விளிம்பில் பிரஷ்ஷை மென்மையாக வைத்தால் ஒட்டு தெரியாது.

கோபுரத்துக்கு மூன்று படங்களின் உழைப்பு. அம்மாவுக்கு ஒன்றே ஒன்று. லெ கிரே கடலையும் வானத்தையும் சேர்த்தது போலத்தான் இதுவும்.

கைபேசியில் எடுக்கிறவர்களுக்கும் இதே பாடம் பொருந்தும். முகம் முக்கியமான படத்தில், திரையில் முகத்தைத் தொட்டு அதற்கு வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு எடுக்கலாம். எடுத்தபின் ஃபில்டர் போடுவதாக இருந்தால் பாதியாகக் குறைத்துப் போடலாம். தோலை வழவழப்பாக்கும் 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுவது உத்தமம்.

ஏரிக்கரையில் இன்னொரு பாடம்

மகன் தன் அளவுகளை 'அம்மா' என்று பெயர் வைத்து ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்துக்கொள்கிறார். அடுத்த நாள் மாலை ஷிஃப்ட் முடிந்து செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போகிறார். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாடெங்கும் பேசப்பட்ட பெயர். சூரியன் இறங்கும் நேரத்தில் தண்ணீர் தகடு போல மின்னுகிறது. அங்கேயும் மூன்று படங்கள். ரூமுக்கு வந்து 'அம்மா' ப்ரீசெட்டைத் தொட்டால், அந்தி வானம் சோளமாவு போல வெளுத்துக் கிடக்கிறது!

தானே வைத்த அளவாக இருந்தாலும், வெளிச்சம் மாறினால் ப்ரீசெட் அந்நியமாகிவிடும். ஏரிக்கு வேறு அளவு வேண்டும். அங்கே நிழல் கறுப்பாகவே இருக்கலாம். கரையில் நிற்கும் பனைமரம் உருவமாகத் தெரிந்தால் அதுதான் அழகு. அதனால் சேமித்த ப்ரீசெட்டைத் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். முடிக்கும் இடமாக நினைக்கக்கூடாது.

குன்றத்தூருக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. இரண்டாம் குலோத்துங்கச் சோழனிடம் அமைச்சராக இருந்தவர், கும்பகோணம் திருநாகேசுவரத்தின் மேல் கொண்ட பற்றால் தன் ஊரிலும் ஒரு நாகேசுவரர் கோயிலைக் கட்டினார். வட திருநாகேசுவரம் என்று பெயர். சென்னையைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களில் இது ராகு தலம். மலை ஏறி இறங்கியவர்கள் இங்கேயும் போய்விட்டுத்தான் திரும்புவார்கள்.

படம் எடுக்கிறவர்கள் பத்து மணிக்குப் பதிலாக ஏழு மணிக்கே படி ஏறிவிடலாம். காலை வெயில் சாய்ந்து விழும். கோபுரத்துக்கும் நிழலுக்கும் இடையே அவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்காது. மூன்று படம், மென்பொருள், ஸ்லைடர் எதுவும் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். கூட்டமும் குறைவு. அம்மாவுக்கும் கால் சுடாது.

பிரிண்ட் போட்டபோது...

படம் தயார். 12-க்கு 18 அளவில் பிரிண்ட் போடக் கொடுக்கிறார் மகன். வந்து பார்த்தால் லேப்டாப்பில் இருந்ததைவிட இருட்டு. இதுவும் பலருக்கு நடப்பதுதான். திரை தானே வெளிச்சம் விடும், காகிதம் விடாது. ராத்திரி ரூமில் லேப்டாப் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்துத் திருத்தினால், காகிதத்தில் அது மங்கலாகத்தான் வரும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கி, திரும்பப் பார்த்து, நடு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, முதலில் சின்ன அளவில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்கிறார். சரியாக வருகிறது. பிறகுதான் பெரிய அளவு. அதற்குப் பிறகு சட்டம்.

ஊருக்குப் போகும்போது அதைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துப் போகிறார். அம்மா பிரித்துப் பார்க்கிறார். முதலில் கோபுரத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கிறார், விபூதியைப் பார்க்கிறார், மூக்குத்தியைப் பார்க்கிறார்.

"கால் வலிக்குதுன்னு உட்கார்ந்தேனே... அது அப்படியே தெரியுதுடா" என்கிறார்.

கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாகத்தான் இருக்கிறது. அம்மா அங்கே மாட்ட விடவில்லை. "அதுக்கு இன்னும் நாள் இருக்குது" என்று சொல்லி, வாசல் கதவைத் திறந்ததும் தெரிகிற எதிர்ச் சுவரில் மாட்டச் சொல்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் குன்றத்தூர் முருகன் கோயிலைப் பார்க்க வேண்டுமாம்.